ஞாபகசக்தி மூலிகைகளும் நம் நிலத்து நீரும்

பரீட்சைக் காலம் நெருங்கினால் நெசவாளர் வீடுகளில் இரண்டு கவலைகள் சேர்ந்து எழுவது வழக்கம். ஒன்று, பள்ளிக்கூடச் செலவு. மற்றொன்று, படித்தது பிள்ளையின் மனத்தில் நிற்கவேண்டுமே என்பது. இந்த இரண்டாவது கவலையைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லி வல்லாரை மாத்திரை, பிரமி மாத்திரை, அசுவகந்தா மாத்திரை எனப் பலவகைப் புட்டிகள் கடைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் வயது முதிர்ந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய மறதிக்கும் இவையே சிபாரிசு செய்யப்படுகின்றன. தறியில் சில நாள் உழைத்துப் பெறும் கூலி ஒரு புட்டிக்கே போய்விடுவதும் உண்டு.

நம் சங்கங்களைச் சேர்ந்த விவசாயிகளுக்கோ வேறு கேள்வி. இந்த மூலிகைகளுக்கு நாடெங்கும் கிராக்கி இருக்கும்போது, அரக்கோணத்தைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன நிலங்களில் இவற்றைப் பயிரிட்டால் என்ன என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஈரம் நிற்கும் மூலை நிலங்கள் இங்கே இல்லாமலில்லை.

வாங்கலாமா, விளைவிக்கலாமா என்னும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேருவதை அன்பர்கள் காண்பார்கள்.

இரு செடிகள், ஒரே பெயர்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வல்லாரை நமக்குப் பழக்கமான கீரை. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நீண்ட காம்பின் நுனியில் அவரை விதையின் வடிவத்தில் விளிம்பு நெளிந்த இலையைத் தாங்கி நிற்கும். துவையலாகவும் பொரியலாகவும் நாம் உண்கிறோம். இலங்கையில் சம்பல் செய்து அன்றாடம் உண்கிறார்கள். சரஸ்வதிக் கீரை என்ற பெயரும் இதற்கு உண்டு.

நீர்ப்பிரமி வேறு செடி. வாய்க்கால் ஓரத்திலும் சேற்றிலும் வளரும். சிறிய, சதைப்பற்றுள்ள இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூ வெண்மையாகவோ இளநீலமாகவோ இருக்கும். வாயிலிட்டால் கசக்கும். வடநாட்டில் சில பகுதிகளில் வல்லாரையையும் பிரமி என்றே வழங்குகிறார்கள். ஆகையால் வியாபாரத்தில் ஒன்றைக் கேட்டால் மற்றொன்று வந்து சேருவது நெடுங்காலத் தொல்லை. பொடியாக்கிவிட்ட பிறகு கண்ணால் வேறுபடுத்துவது எளிதன்று. இரண்டின் சத்துப் பொருள்களும் வெவ்வேறு. ஒன்றைக் குறித்து நடந்த ஆராய்ச்சி மற்றொன்றுக்குச் சான்றாகாது.

சாரம் என்பது யாது?

மாத்திரைப் புட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இலைப்பொடி அன்று; செடியின் சாரம். சாரம் இறக்குவது நம் வட்டாரத்துக்குப் புதிய தொழிலும் அன்று. குரோமியப் பதனீடு பரவுவதற்கு முன் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழில் ஆவாரம்பட்டையை நம்பியே நடந்தது. பட்டையை இடித்து நீரில் ஊறவைத்தால் துவர்ப்புச் சத்து நீரில் இறங்கும். தோலை அந்த நீரில் போட்டுப் பதப்படுத்துவார்கள். பட்டையின் நார் எஞ்சிவிடும். வேலை செய்வது நீரில் இறங்கிய சத்தே.

மூலிகைச் சாரமும் இவ்விதமே. உலர்ந்த செடியைப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, வடிகட்டி, திரவத்தைக் குறைந்த சூட்டில் வற்றவைத்தால் எஞ்சுவது சாரம். அதில் குறிப்பிட்ட சத்துப் பொருள் நூற்றுக்கு இத்தனை பங்கு இருக்கவேண்டும் என்று அளந்து வைத்தால் அது தரப்படுத்திய சாரம் எனப்படும். இந்த அளவு குறிக்கப்படாத புட்டியில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

லக்னோவில் பிறந்து சென்னைக்கு வந்த மருந்து

நீர்ப்பிரமியைப் பற்றி நம் நாட்டிலேயே முறையான ஆராய்ச்சி நடந்துள்ளது. 1951இல் லக்னோ நகரில் திறக்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் அறிஞர்கள் இச்செடியின் சத்தைப் பிரித்தெடுத்து, எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பாகோசைடு எனப்படும் சத்துப் பொருள்கள் உட்சென்ற எலிகள், கற்றதை மேலும் நன்றாக நினைவில் வைத்திருந்ததாக 1980களில் தெரியவந்தது. அந்நிலையத்தின் சாரம் 1990களில் சென்னை நிறுவனம் ஒன்றால் மெமரி பிளஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் தோன்றியதை நம் அங்கத்தினர் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

விளம்பரம் வேறு, சோதனை வேறு. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்லின என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 2001இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஆரோக்கியமான 46 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாரமும், மற்றதற்குச் சத்தில்லாத ஒப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பன்னிரண்டாவது வாரத்தில், சாரம் உண்டவர்களிடம் கற்கும் வேகத்திலும் நினைவிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே நாட்டில் 40 முதல் 65 வயது வரையிலான 76 பேரிடம் நடந்து 2002இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், புதிதாகக் கற்கும் வேகம் கூடவில்லை. கற்றது மறந்துபோகும் அளவு மட்டும் குறைந்தது. 2012இல் ஆறு சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள், கேட்டதைத் தாமாக நினைவுகூரும் திறனில் ஓரளவு பயன் இருப்பதாகவும், மூளையின் மற்றத் திறன்களுக்குப் போதிய சான்று இல்லையென்றும் முடிவு கூறினார்கள்.

பெற்றோர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 300 மில்லிகிராம் சாரத்தை ஒரே வேளை கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது எவ்விதப் பயனும் தென்படவில்லை. ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் வாங்கும் மாத்திரை பரீட்சைக்கு உதவாது. மேலும், மேலே சொன்ன சோதனைகள் வயதுவந்தவர்களிடம் நடந்தவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. வயிற்றுப் புரட்டல், வயிற்று வலி, அடிக்கடி மலங்கழிதல் ஆகியவை இச்சாரம் உண்டவர்கள் சிலருக்கு ஏற்பட்டன.

வல்லாரை முதலிய மற்றவை

வல்லாரையின் கதை இன்னும் அடக்கமானது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்த சிறிய ஆராய்ச்சி ஒன்று 1973இல் நம் நாட்டில் வெளிவந்து நம்பிக்கை ஊட்டியது. ஆனால் 2017இல் பதினொரு சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஒப்பு மாத்திரையைவிட வல்லாரை நினைவாற்றலை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. மனம் விழிப்பாக இருப்பதற்குச் சிறிது உதவலாம் என்றே தெரிந்தது. கீரை என்ற முறையில் வல்லாரைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. துவையலுக்கு அது நல்ல கீரையே. புட்டியில் அடைத்துப் பன்மடங்கு விலை கூறும்போதுதான் கேள்வி எழுகிறது.

மேல்நாடுகளில் பெரும்புகழ் பெற்ற மூலிகை ஜின்கோ என்னும் மரத்தின் இலைச்சாரம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சுமார் ஆறு ஆண்டுகள் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மூப்பு மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. அசுவகந்தா என்னும் அமுக்கராக் கிழங்கு மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் இப்போது அதிகமாக விற்கப்படுகிறது. அதை உண்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகள் மருத்துவ ஏடுகளில் வந்திருக்கின்றன. டென்மார்க் அரசாங்கம் 2023இல் அதைத் தடை செய்தது. தைராய்டு மருந்தோ தூக்க மருந்தோ வலிப்பு மருந்தோ உட்கொள்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக்கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் எச்சரிக்கையாகவே இருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில், எந்தெந்தப் பயன்களைத் தருவதாக மருந்துகள் உரிமை கொண்டாடக் கூடாது என்று கூறும் அட்டவணை ஒன்று உண்டு. மூளைத்திறனைப் பெருக்குவதும் ஞாபகசக்தியை அபிவிருத்தி செய்வதும் அதில் இடம்பெற்றிருக்கின்றன.

செடி குடிக்கும் நீர்

இனி, நம் வட்டாரத்துக்கே உரிய செய்திக்கு வருவோம். மருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அதே லக்னோ நகரில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. முன்னது நீர்ப்பிரமி நினைவுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தது. பின்னதன் அறிஞர்கள், அசுத்தமான மண்ணிலும் நீரிலும் வளர்த்தால் அச்செடி என்னவாகிறது என்று 1990களில் ஆராய்ந்தார்கள். குரோமியம், காட்மியம், ஈயம் முதலிய உலோகங்களை நீர்ப்பிரமி மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் உறிஞ்சித் தன் வேரிலும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். அசுத்த நீரைச் சுத்தம் செய்ய உதவக்கூடிய செடிகளுள் ஒன்றாகவே அதைக் கருதினார்கள்.

இதன் பொருளை நாம் நன்கு சிந்திக்கவேண்டும். நீரைத் துடைக்கும் துணி அந்த அழுக்கைத் தானே ஏற்கிறது. நீர்ப்பிரமியோ வேரோடு முழுச்செடியாகவே மருந்துக்குக் கொள்ளப்படுவது. வல்லாரையும் ஈரமண்ணில் படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு, மண்ணோடு நெருங்கி வாழும் செடி. வாய்க்கால் ஓரத்தில் செழித்து நிற்பது கண்ணுக்கு அழகாக இருக்கலாம். அந்த வாய்க்காலில் ஓடுவது யாது என்பதைச் செடியின் பசுமை சொல்லாது.

நம் வட்டாரத்து நீரின் வரலாறு அனைவரும் அறிந்ததே. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாலாற்றிலும் நிலங்களிலும் கலந்தது பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடைபெறும் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் கணக்கு அத்தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டது. இராணிப்பேட்டையில் குரோமிய இரசாயனங்களைச் செய்துவந்து 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு பல்லாண்டுகள் குவிந்து கிடந்தது. பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீடும் ஆற்றின் சீரமைப்பும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு உரிய விஷயங்களாக இருந்தன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல அமைந்து நிலைமை முன்போல் இல்லை என்பது மெய்யே. எனினும் மண்ணில் ஒருமுறை தங்கிய உலோகம் இலேசில் நீங்காது.

அரக்கோணம் பாலாற்றின் கரையில் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். வாலாஜாப்பேட்டைப் பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய ஏரிகளுக்கு ஆற்றுநீரைக் கொண்டுவருகின்றன. இந்த ஏரிகள் கெட்டுவிட்டன என்று நாம் சொல்லவில்லை. சோதிக்காமல் அப்படிச் சொல்வது அநியாயம். சோதிக்காமல் நல்லது என்று சொல்வதும் அதைப் போன்ற தவறே. ஏரிநீர், கிணற்றுநீர், ஓடைநீர் ஒவ்வொன்றும் தனித்தனியே அறியத்தக்கவை. ஒரே ஊரில் இரண்டு கிணறுகள் இரண்டு விதமாக இருப்பதுண்டு.

குரோமியத்திலும் இருவகை உண்டு. தோல் பதனிடுவதில் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியம் தீங்கு குறைந்தது. பைகுரோமேட்டில் உள்ள ஆறாம் நிலைக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து பரவும் நச்சு. புற்றுநோயை உண்டாக்க வல்லது. மருந்து மூலிகைகளுக்கு நம் நாட்டில் விதித்துள்ள உலோக எல்லைகள் நான்கு. பத்து லட்சம் பங்குக்கு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருத்தலாகாது. இந்நான்கில் குரோமியம் இல்லை. ஆதலால் வழக்கமான சோதனையில் தேறிய மூலிகை, நம் வட்டாரத்துக்கு முக்கியமான உலோகத்தில் சோதிக்கப்படாததாக இருக்கலாம். சோதனைக்குக் கொடுக்கும்போது குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி நாமே எழுதிக் கேட்கவேண்டும்.

இது வீண் பயம் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட அறிக்கையில், 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதாகக் கூறப்பட்டது. உலோகத்தைச் சேர்த்தே செய்யும் பஸ்பங்கள் நம் வைத்தியத்தில் உண்டு என்றாலும், ஐந்தில் ஒன்று என்னும் கணக்கு நம் நாட்டு மருந்துகள் அனைத்தின்மீதும் ஐயத்தைக் கிளப்பியது. ஈயம் மூளையைக் கெடுப்பது, அதிலும் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. மூளைக்கென்று வாங்கும் புட்டியில் அது இருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

பயிரிட விரும்புவோருக்கு

இவையெல்லாம் மூலிகை விளைவிக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்லப்படவில்லை. நீர் நல்லதென்று சான்று காட்டக்கூடிய விவசாயியின் சரக்குக்கு மதிப்பு உண்டு என்பதற்காகவே சொல்கிறோம்.

முதற்காரியம், நாற்று நடுமுன் மண்ணையும் நீரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது. அறுவடைக்குப் பின் உலர்ந்த செடியையும் ஒருமுறை சோதிக்கவேண்டும். தனி விவசாயிக்கு இச்செலவு பாரமாகத் தோன்றும். ஒரே கால்வாயிலோ ஒரே ஏரியிலோ பாயும் நிலத்தார் பத்துப் பேர் சங்கத்தின் வழியே சேர்ந்தால் நீர்ச் சோதனைச் செலவு பத்தில் ஒன்றாகிறது. மண்ணை மட்டும் வயல்தோறும் பார்த்தால் போதும். சோதனைச் சீட்டைச் சங்கமே பாதுகாத்து வைத்தால், வாங்குபவரிடம் விலை பேசும்போது அது நம் கையில் இருக்கும் ஆதாரம்.

இரண்டாவது, செடியின் இனம். இரு செடிகளையும் ஒரே களத்தில் உலர்த்தலாகாது. நல்ல தாய்ச்செடியிலிருந்து கணுவுள்ள தண்டுகளை நறுக்கி நட்டாலே நீர்ப்பிரமி பிடித்துக்கொள்ளும். லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ நறுமணத் தாவர நிலையம் பாகோசைடு மிகுந்த வகைகளையும் வெளியிட்டிருக்கிறது. வல்லாரைக்குச் சிறிது நிழலும் இடைவிடாத ஈரமும் வேண்டும். மூன்றாவது, உலர்த்தல். இரண்டும் நீர்ச்சத்து மிகுந்தவை. காய்ந்தால் எடை பெரிதும் குறையும். பச்சை எடைக்கு விலை பேசுகிறோமா, உலர்ந்த எடைக்கா என்பதை முதலிலேயே எழுத்தில் கொள்ளவேண்டும். தார்ச்சாலையில் பரப்பி உலர்த்துவதை அறவே விடவேண்டும். நிழலில், துணியின்மேல், காற்றோட்டத்தில் உலர்த்துவதே முறை. வாங்குபவர் இன்னார் என்பது உறுதியாகாமல் ஒரு சென்ட் நிலத்துக்கு மேல் இறங்காதிருப்பது நன்று.

மூலிகை மருந்தில் கூட்டுறவு நமக்குப் புதிதன்று. சென்னையில் சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944இல் நிறுவிய இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்து நிலையம் இன்றளவும் நடந்துவருகிறது. மருந்து செய்பவர் சேர்ந்ததுபோல், மூலிகை விளைவிப்பவரும் சேர்வது இயலாத காரியமன்று.

வாங்க விரும்புவோருக்கு

வீட்டில் பிள்ளை மந்தமாகப் படித்தாலோ முதியவர் மறந்தாலோ முதலில் காரணத்தைக் காண்க. பிள்ளைக்கு இரத்தசோகை உண்டா, கண் தெளிவாகத் தெரிகிறதா, இரவில் போதிய தூக்கம் உண்டா என்று பார்க்கவேண்டும். முதியவருக்குத் தைராய்டுக் குறைவோ பி12 வைட்டமின் குறைவோ மறதியை உண்டாக்கலாம்; அவை சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மருந்தில் பெரும்பாலும் சீராகக்கூடியவை. அவற்றை விட்டுவிட்டுப் புட்டி வாங்கிக் கொடுத்தால், பணத்தோடு காலமும் வீணாகிறது.

மூப்பு மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு 2024இல் அறிக்கை வெளியிட்டது. நாம் மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கைக் கவனித்தால் அந்நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று அது கணக்கிட்டிருக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், கல்விக் குறைவு, பார்வைக் குறைவு, காது மந்தம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. விசைத்தறிக் கூடத்தில் ஆண்டுக்கணக்காக இரைச்சலில் நிற்கும் நம் நெசவாளர்களுக்குக் காது மந்தம் என்பது வெறும் ஏட்டுச் செய்தியன்று. காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்வதும், காது கேளாமை தொடங்கியதும் பரிசோதித்துக்கொள்வதும் மூளைக்குச் செய்யும் உதவிகள். காது அடைப்புக்கு ஆகும் செலவு ஒரு மாத்திரைப் புட்டிக்கு ஆவதைவிடக் குறைவே.

இவ்வளவும் பார்த்தபின், வயதுவந்த ஒருவர் மருத்துவரைக் கேட்டு நீர்ப்பிரமிச் சாரத்தை உண்டு பார்க்க விரும்பினால் நாம் தடை சொல்லமாட்டோம். செடியின் பெயரும், சத்தின் அளவும், தயாரிப்பாளரின் உரிம எண்ணும் புட்டியில் உள்ளனவா என்று பார்த்து, மூன்று மாதம் உண்டு, பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிடவேண்டும். வல்லாரையைக் கீரையாகவே உண்ண விரும்புவோர் தெரிந்த கிணற்று நீரில், தெரிந்த மண்ணில், ஒரு தொட்டியிலேனும் தாமே வளர்த்து உண்பது மேல். சாக்கடை ஓரத்தில் பறித்து வந்ததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம்.

வாங்குபவருக்கும் விளைவிப்பவருக்கும் கேள்வி ஒன்றே என்று தொடக்கத்தில் கூறினோம். இந்தச் செடி எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொறுப்பைத் தனி மனிதர்மீது சுமத்தாமல் நம் சங்கங்கள் ஏற்கவேண்டும். அடுத்த பொதுக்குழுவில் மண், நீர்ச் சோதனைக்கென்று சிறு தொகை ஒதுக்கும் தீர்மானத்தை ஒவ்வொரு விவசாயச் சங்கமும் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். சோதனையில் நீர் தேறினால் புதுப்பயிர் ஒன்று நமக்குக் கிடைக்கும். தேறாவிட்டால், அந்த நீரையே நம் பிள்ளைகள் குடிக்கிறார்களா என்பதை அன்றே விசாரிக்கத் தொடங்கலாம்.